புயலை மேகத்துக்குக் கீழே போய்ப் பார்ப்பது எப்படி?

[இந்த வார ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக ஆங்காங்கே சுருக்கிச் சீர்செய்யப்பட்டுள்ளது.]



வங்கக்கடல்ல ஒரு புயல் உருவாச்சுன்னா டிவியில முதல்ல எதைக் காட்டுறாங்க? செயற்கைக்கோள் படத்தை. பஞ்சை உருட்டிச் சுழற்றி விட்ட மாதிரி வெள்ளையா ஒரு சுழல், நடுவுல சின்னதா ஒரு கண். அதைப் பார்த்ததும் புயலையே பார்த்துட்ட மாதிரி நமக்கு ஒரு எண்ணம் வந்துடுது. உண்மையில் நாம் பார்ப்பது புயலின் கூரையை மட்டும்தான். அந்த மேகங்களின் உச்சி கடலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது.

ஆனால் படகில் இருப்பவருக்கும், துறைமுகத்தில் கூண்டு ஏற்ற வேண்டியவருக்கும், கரையோரம் குடியிருப்பவருக்கும் தெரிய வேண்டியது கூரையில் நடப்பது இல்லை. தண்ணீருக்குப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதுதான். கடல்மட்டத்துக்குப் பத்து மீட்டர் உயரத்தில் காற்று எவ்வளவு வேகமாக வீசுகிறது? மையத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் வரைக்கும் அந்தக் காற்று இருக்கிறது? வடக்குப் பக்கம் அதிகமா, தெற்குப் பக்கம் அதிகமா? இந்த மூன்று கேள்விக்கும் அந்த வெள்ளைச் சுழல் நேரடியாகப் பதில் சொல்லாது. மேகத்தை ஊடுருவிக் கீழே போய்க் கடலைப் பார்க்கும் ரேடார் படம் சொல்லும். அதைப் பற்றித்தான் இன்னிக்குப் பேசப்போறோம்.

இப்போது எப்படிக் கணிக்கிறார்கள்?

முதல்ல ஒரு விஷயம். "மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசுகிறது" என்று புயல் நடுக்கடலில் இருக்கும்போதே செய்தியில் சொல்கிறார்கள் இல்லையா, அது பெரும்பாலும் நேரில் அளந்த எண் கிடையாது. மேகத்தின் வடிவத்தைப் பார்த்துக் கணித்தது. அமெரிக்க வானிலையாளர் வெர்னான் டுவோராக் 1970களில் இதற்கு ஒரு முறையை வகுத்தார். மேகப் பட்டைகள் எவ்வளவு இறுக்கமாகச் சுற்றியிருக்கின்றன, கண் தெளிவாக இருக்கிறதா, கண்ணுக்கும் சுற்றியுள்ள மேகத்துக்கும் வெப்பநிலை வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்து, புயலுக்கு ஓர் எண் கொடுப்பார்கள். அந்த எண்ணுக்கு இவ்வளவு காற்று என்று அட்டவணை இருக்கிறது. உலகம் முழுக்க, நம்ம வானிலைத் துறை உட்பட, இன்றும் இந்த முறையைப் பயன்படுத்துகிறார்கள்.

நல்ல முறைதான். ஐம்பது வருஷமா எத்தனையோ உயிரைக் காப்பாத்தியிருக்கு. ஆனால் ஒரு வீட்டின் கூரையைப் பார்த்து உள்ளே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று சொல்வது மாதிரியான வேலை இது. அனுபவசாலி சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும்; சில நேரம் தப்பும். ஒரே படத்துக்கு இரண்டு நிபுணர்கள் இரண்டு எண் கொடுப்பதும் உண்டு.

அட்லாண்டிக்கில் வரும் புயல்களுக்கு அமெரிக்கா விமானத்தையே உள்ளே அனுப்புகிறது. அதிலிருந்து கருவிகளைக் கீழே போட்டு அளக்கிறார்கள். கடல் நுரையிலிருந்து வரும் நுண்ணலையைக் கவனித்தும் காற்றைக் கணக்கிடுகிறார்கள். வங்கக்கடலிலும் அரபிக்கடலிலும் அப்படி வழக்கமாகப் பறக்கும் விமானங்கள் இல்லை. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் நடுக்கடலில் மிதவைகளை நிறுத்தி வைத்திருக்கிறது. அவை அருமையான தகவல் தரும், ஆனால் புயல் மிதவையைத் தேடிப் போகாதே! பக்கத்தில் வந்தால்தான் உண்டு.

தண்ணீரின் சொரசொரப்பு

சரி, ரேடாருக்கு வருவோம். இதன் முழுப்பெயர் சிந்தெடிக் அப்பர்ச்சர் ரேடார். சுருக்கமா 'சார்'. நம்ம ஊர்ல சார்னா வேற அர்த்தம், அதனால ரேடார்னே சொல்லிக்கலாம்.

ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோளை எடுத்துக்கொள்வோம். சுமார் 700 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. சூரிய வெளிச்சத்தை நம்பி இருக்கும் கேமரா மாதிரி இல்லாமல், தானே நுண்ணலையைக் கீழே அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கிறது. அந்த அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் அளவு. மேகம் அதற்கு ஒரு தடையே இல்லை. இரவானாலும் சரி, பகலானாலும் சரி.

ஏரிக்கரையில நின்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. காற்றே இல்லைன்னா தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும். லேசா ஒரு காற்று வந்தா, அது போற வழியெல்லாம் தண்ணியில சின்னச் சின்னச் சிலிர்ப்பு ஓடும். அந்தச் சிலிர்ப்பைத்தான் ரேடார் பார்க்கிறது. ரேடார் அலை சாய்வாகக் கீழே வருகிறது. நீர் கண்ணாடி போல இருந்தால் அது தெறித்து வேறு பக்கம் போய்விடும். செயற்கைக்கோளுக்கு எதுவும் திரும்பாது, படத்தில் அந்த இடம் கறுப்பு. சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகள் இருந்தால், அவற்றில் பட்டு ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். காற்று கூடக் கூடச் சொரசொரப்பு கூடும், படம் வெளுக்கும். எவ்வளவு வெளுப்புக்கு எவ்வளவு காற்று என்று சூத்திரம் வைத்திருக்கிறார்கள். அடிப்படைத் தத்துவம் அவ்வளவுதான்.

இதே தத்துவத்தில் வேலை செய்யும் இன்னொரு கருவி ஸ்கேட்டரோமீட்டர். இந்தியாவே 2022 நவம்பரில் ஏவிய ஓஷன்சாட்-3 செயற்கைக்கோளில் அது இருக்கிறது. அகலமான கடற்பரப்பைத் தினமும் அளக்கும், காற்றின் திசையையும் நன்றாகச் சொல்லும். அன்றாட வானிலைக்கு முதுகெலும்பே அதுதான். ஆனால் இந்த வகைக் கருவிகள் ஏறக்குறைய 25 கிலோமீட்டருக்கு ஒரு எண் என்ற கணக்கில்தான் தரும். சென்னை சென்ட்ரலிலிருந்து தாம்பரம் வரை கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் இருக்கும். அந்த முழுத் தூரத்துக்கும் ஒரே எண்! புயலின் கண்ணே சில நேரம் அவ்வளவு அகலம்தான் இருக்கும். கண்ணைச் சுற்றியுள்ள, மிகக் கொடூரமான காற்று வீசும் வளையம் இன்னும் ஒடுக்கமானது. 25 கிலோமீட்டர் கட்டத்தில் அது பக்கத்துக் காற்றோடு கலந்து சராசரியாகிவிடும்.

ரேடார் படம் அப்படி இல்லை. செயற்கைக்கோளின் ஆன்டெனா 12 மீட்டர் நீளம்தான். ஆனால் அது பறந்துகொண்டே இருக்கும்போது வந்த எதிரொலிகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால், கிலோமீட்டர் கணக்கில் நீளமுள்ள ஒரு ஆன்டெனா பார்த்த மாதிரி நுணுக்கம் கிடைக்கிறது. 400 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரே வீச்சில் படம் எடுக்க முடியும். அதிலிருந்து ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு காற்று எண் எடுக்கலாம். கண்ணின் வடிவம், வளையத்தில் எந்தப் பக்கம் காற்று வலுவாக இருக்கிறது, எல்லாம் தெரியும்.

90 கிலோமீட்டரில் ஒரு சுவர்

இவ்வளவு நல்லா இருக்கே, அப்போ ஆரம்பத்துலேயே ஏன் புயலுக்குப் பயன்படுத்தலை? கடலைப் பார்க்கவென்றே ரேடாரோடு போன முதல் செயற்கைக்கோள், அமெரிக்காவின் சீசாட், 1978ஆம் ஆண்டே பறந்தது. நூற்றுச் சொச்சம் நாளில் மின்கோளாறால் நின்றுபோனது. அதற்குப் பிறகும் 1990களிலிருந்து பல ரேடார்கள் பறந்தன.

சிக்கல் எங்கே என்றால், காற்று மணிக்கு ஏறக்குறைய 90 கிலோமீட்டரைத் தாண்டியதும் அந்த வெளுப்பு கூடுவது நின்றுவிடுகிறது. சிற்றலைகள் அதற்கு மேல் வளர்வதில்லை. 100 கிலோமீட்டர் காற்றும் 200 கிலோமீட்டர் காற்றும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். புயலில் நமக்கு எது முக்கியமோ, சரியாக அந்த இடத்தில் கருவி ஊமையாகிவிடுகிறது.

தீர்வு 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில், கனடாவின் ரேடார்சாட்-2 படங்களை ஆராய்ந்தவர்களிடமிருந்து வந்தது. ரேடார் அலை ஒரு தளத்தில் அதிர்கிறது, செங்குத்தாகவோ கிடையாகவோ. வழக்கமாகச் செங்குத்தாக அனுப்பி, செங்குத்தாகத் திரும்புவதைத்தான் அளப்பார்கள். செங்குத்தாக அனுப்பி, கிடையாகத் திரும்புவதை அளந்தால்? சாதாரணக் கடலில் அப்படித் திரும்புவது மிகக் குறைவு, கருவியின் இரைச்சலுக்குள்ளேயே மறைந்துவிடும். ஆனால் பெரிய அலைகள் உடைந்து, நுரை பொங்கி, நீர்ப்பரப்பு கண்டபடி கலங்கும்போது, திரும்பும் அலையின் அதிர்வுத் தளமும் கலைந்துபோகிறது. கிடையான பங்கு ஏறுகிறது. முக்கியமா, அது 90 கிலோமீட்டரில் நிற்பதில்லை. புயற்காற்று கூடக் கூட அதுவும் ஏறிக்கொண்டே போகிறது.

ஆக, மெல்லிய காற்றுக்குச் செங்குத்துச் சமிக்ஞை, கடும் காற்றுக்குக் குறுக்குச் சமிக்ஞை. இரண்டையும் சேர்த்தால் முழுப் புயலையும் ஒரே படத்தில் அளக்கலாம்.

இதற்குப் பெரிய பரீட்சை 2017 செப்டம்பரில் வந்தது. கரீபியன் தீவுகளைச் சூறையாடிய இர்மா, ஐந்தாம் வகைப் புயல். செப்டம்பர் 7ஆம் தேதி சென்டினல்-1 அதன் மேலேயே பறந்து படம் எடுத்தது. அமெரிக்க ஆய்வு விமானமும் அன்று புயலுக்குள் பறந்து அளந்தது. பிரான்சின் இஃப்ரேமர் கடலாய்வு நிறுவனத்தைச் சேர்ந்த அலெக்சிஸ் மூஷும் கூட்டாளிகளும் இரண்டையும் ஒப்பிட்டு 2019இல் வெளியிட்டார்கள். விண்வெளியிலிருந்து எடுத்த அளவும் விமானம் உள்ளே போய் எடுத்த அளவும் நன்றாக ஒத்துப்போயின. விமானமே போகாத கடல்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தின்னு யோசிச்சுப் பாருங்க.

முழுக்கக் குறையில்லாத அளவு என்று சொல்ல மாட்டேன். மிகக் கடுமையான மழை இந்தச் சமிக்ஞையைக் குழப்பும். காற்றின் திசையை ஸ்கேட்டரோமீட்டர் அளவுக்குத் தெளிவாகச் சொல்லாது. ஆனால் வேகமும் பரப்பும், இதற்கு இணையான நுணுக்கத்தோடு வேறு எந்தச் செயற்கைக்கோளும் தருவதில்லை.

வேகம் மட்டும் போதுமா?

இங்கே ஒரு தப்பான எண்ணத்தைத் தெளிவுபடுத்திடலாம். புயல்னாலே "எத்தனை கிலோமீட்டர் வேகம்?"னுதான் கேட்கிறோம். புயலின் அகலத்தை யாரும் கேட்பதில்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி கரையில் இரண்டு புயல்கள். 1969இல் கமில், மணிக்கு சுமார் 280 கிலோமீட்டர் காற்றோடு கரை கடந்தது. 2005இல் கத்ரீனா, கரையேறும்போது காற்று 200 கிலோமீட்டர் அளவுக்குக் குறைந்திருந்தது. கமிலைத் தாங்கிய கட்டடம் கத்ரீனாவையும் தாங்கும் என்று நம்பி உள்ளேயே இருந்துவிட்டவர்கள் உண்டு. ஆனால் கமில் எழுப்பிய கடல் ஏற்றம் சுமார் 7 மீட்டர். கத்ரீனா எழுப்பியது 8 மீட்டருக்கும் மேல். ஏன்? கத்ரீனா அகலமான புயல். பரந்த கடற்பரப்பிலிருந்து தண்ணீரைத் திரட்டிக் கரைக்குத் தள்ளியது.

அதனால்தான் முன்கணிப்பவர்கள், மணிக்கு 63 கிலோமீட்டர், 93 கிலோமீட்டர், 119 கிலோமீட்டர் காற்றுகள் மையத்திலிருந்து எவ்வளவு தூரம் வரை பரவியிருக்கின்றன என்று நான்கு திசைக்கும் தனித்தனியாகக் குறிக்கிறார்கள். கடல் ஏற்றத்துக்கும் அலை உயரத்துக்கும் கணினியில் ஓடும் மாதிரிகளுக்கு இந்த எண்கள்தான் உணவு. மேகப் படத்திலிருந்து இவற்றைச் சொல்வது மிகக் கடினம். ரேடார் படத்தில் ஒரு வட்டம் போட்டு அளந்துவிடலாம். பசிபிக் புயல்களைக் கவனிக்கும் அமெரிக்கக் கூட்டுச் சூறாவளி எச்சரிக்கை மையம், ரேடார் படம் கிடைத்த நாளில் அதைத் தன் கணிப்பில் நேரடியாகப் பயன்படுத்துகிறது.

அப்போ ஏன் எல்லாப் புயலுக்கும் இல்லை?

ஏன்னா, கிடைப்பது அபூர்வம். சென்டினல்-1 ஒரே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். ஒரு இடத்தைக் கடப்பது விடியற்காலையிலோ அந்தி நேரத்திலோதான், நடுப்பகலில் என்ன நடந்தாலும் தெரியாது. அதோடு, நடுக்கடலில் அது வழக்கமாக அகலப் படம் எடுப்பதில்லை. இந்த நாள், இந்த இடத்தில் எடு என்று முன்கூட்டியே கட்டளை கொடுக்க வேண்டும். புயல் எங்கே இருக்கும் என்று முன்கணிப்பு சொன்னால்தான், முன்கணிப்பைச் சரிசெய்யும் படத்தை எடுக்க முடியும்! ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 2016லிருந்து புயல் பருவங்களில் இதற்கென்றே தனி முயற்சி நடத்துகிறது.

2021 டிசம்பரில் சென்டினல்-1பி செயலிழந்தது. அடுத்த சென்டினல்-1சி விண்ணுக்குப் போனது 2024 டிசம்பரில். நடுவே மூன்று வருஷம் ஒரே ஒரு சென்டினல்தான். கனடா 2019இல் ஏவிய மூன்று ரேடார் செயற்கைக்கோள்களும், இந்தியாவின் 2022 பிப்ரவரி ரேடாரான இஓஎஸ்-04உம் இந்தக் களத்தில் இருக்கின்றன. 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன நிசாரைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீங்க. அதன் முதன்மை வேலை நிலமும் பனியும். புயல் காற்றை அளக்க அதைப் பெரிதாக நம்பியிருக்க முடியாது.

அதனால் ரேடார் படத்தின் பெரிய பயன் இன்னொரு வகையில் வருகிறது. துணிக்கடையில ஒரு இரும்பு கஜக்கோல் இருந்தா, மத்த டேப்பையெல்லாம் அதை வெச்சுச் சரிபார்த்துக்கலாம் இல்லையா? தினமும் கிடைக்கும் மற்றக் கருவிகள், மேகப் படத்திலிருந்து போடும் கணக்குகள், எல்லாவற்றையும் இந்தப் படங்களோடு ஒப்பிட்டுத் திருத்துகிறார்கள். எப்போதோ எடுத்த ஒரு படம், பிறகு வரும் பல புயல்களின் கணிப்பைத் திருத்துகிறது.

புயலே இல்லாத நாளில் வரும் அலை

இதே ரேடாருக்கு இன்னொரு வேலையும் உண்டு, அது நம்ம தென்கோடிக் கரைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. 2024 மே மாதம், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். பக்கத்தில் புயல் எதுவும் இல்லை. வந்தது கள்ளக்கடல். திருடன் மாதிரி சத்தமில்லாமல் வரும் கடல் என்று கேரளக் கரையில் வைத்த பெயர்; யுனெஸ்கோவே 2012இல் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டது.

அந்த அலைகள் பிறப்பது தென்துருவத்தைச் சுற்றியுள்ள கடலில், அங்கே அடிக்கும் பெரும் புயல்களில். 18 விநாடிக்கு ஒருமுறை எழும் அலையை எடுத்துக்குங்க. ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் நடுவே 500 மீட்டர். அதன் ஆற்றல் மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் நகரும், நாளுக்கு 1,200 கிலோமீட்டர். ஆறாயிரம் கிலோமீட்டர் கடந்து நம்ம கரையைத் தொட ஐந்து நாள். அந்த ஐந்து நாள்தான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

வழியில் கப்பல் குறைவு, மிதவை குறைவு. சென்டினல்-1 நடுக்கடலில் போகும்போது சும்மா இருப்பதில்லை. நூறு கிலோமீட்டருக்கு ஒன்றாக, 20 கிலோமீட்டர் சதுரத்தில் சின்னப் படங்கள் எடுத்துக்கொண்டே போகும். சிறிய அலைகள் அதில் கலங்கிப் போகும், ஆனால் இந்த மாதிரி நீண்ட அலைகள் உழுத வயல் போல வரிவரியாகத் தெரியும். நீளம், திசை, வலிமை மூன்றையும் எடுக்கலாம். பிரான்சின் வானிலைத் துறை இதைத் தன் அலை மாதிரிக்குள் சேர்க்கிறது. நம் பக்கத்தில், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் கள்ளக்கடல் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. அந்த மே மாதமும் எச்சரிக்கை வந்திருந்தது.

இதை அழுத்திச் சொல்கிறேன். எச்சரிக்கை இருந்தது. ஆனாலும் அந்த உயிர்களைக் காப்பாற்ற முடியவில்லை. 2017 ஒக்கியில் எச்சரிக்கை போய்ச் சேராததுதான் பெரிய காயம். நவம்பர் 29இல் தாழ்வு மண்டலம், 30ஆம் தேதி புயல். ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்து கொண்டிருந்த குமரி, திருவனந்தபுரம் மீனவர்களுக்குச் செய்தி எட்ட வழியே இல்லை. இறந்தவர்களும் திரும்பாதவர்களுமாக முன்னூறு பேருக்கு மேல். ஒரு ரேடார் படம் இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கரையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கும் படகுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி தரும் ஜெமினி கருவி 2019இல்தான் வந்தது. விண்ணிலிருந்து அளப்பது ஒரு பாதி, படகு வரை சொல்வது மறு பாதி. முதல் பாதி வேகமாக முன்னேறுகிறது. இரண்டாவதுக்கும் அதே காசும் அக்கறையும் வேணும்.

கேட்கிறவங்க ஒண்ணு செய்யலாம். அடுத்த புயலின்போது வெள்ளைச் சுழலோடு நிறுத்திக்காதீங்க. வானிலைத் துறையின் அறிக்கையில், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் வரை எந்த வேகக் காற்று என்று ஒரு அட்டவணை இருக்கும். அதை எடுத்து உங்க ஊருக்கு வெச்சுப் பாருங்க. கடலுக்குப் போறவங்க யாராவது உங்க வீட்ல இருந்தா, அவங்களுக்கும் படிச்சுச் சொல்லுங்க.

கேள்விகள் இருந்தா எழுதி அனுப்புங்க, அடுத்த வாரம் எடுத்துக்கலாம்.